கித்தா மேல் போட்ட பழி

கெடாவில் பாலிங் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் எது நாறினாலும் கித்தா மேல், அதாவது ரப்பர் மேல், பழியைப் போட்டுவிடலாம். கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று சடக்கில் போனால் போதும், அது வளைவைத் தாண்டிப் போய் வெகுநேரமான பிறகும் வாடை மட்டும் அங்கேயே நிற்கும். வெளியூர்க்காரர்களுக்குப் பாலிங் என்றால் 1955 டிசம்பரில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியது ஞாபகம் வரும். வந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சரித்திரம் எல்லாம் மறந்துபோய், "இங்கே எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள்.

அந்த வசதியை நான் ஒரு தீபாவளிக்கு முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். அலோர் ஸ்டாரிலிருந்து வந்த அண்ணி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கணம் நின்றார்.

"என்னம்மா, ஏதோ வாடை அடிக்குது?"

"காத்து ஃபேக்டரி பக்கமிருந்து வீசுது அண்ணி. மழைக்காலம் வந்தா இப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை நீட்டினேன். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரரின் கூட்டாளிகளுக்கும் அதே பதில்தான். கித்தா ஃபேக்டரி எங்கள் வீட்டிலிருந்து பல மைல் தள்ளி இருக்கிறது. அன்றைக்குக் காற்று இலைகூட அசையாமல் நின்றது. நாறியது எங்கள் மணி.

மணி கம்பத்து நாய், கறுப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி, வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய பால்மரங்களுக்குள் போய் விடாமல் குரைத்தான். வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு இறங்கிப் பார்த்தார். பூனையைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று, உடம்பு கறுப்பு, தலை மட்டும் வெளுப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, நீண்ட மூக்கு, முடியில்லாத வால். சீறிக்கொண்டு நின்றதாம். மணி வாயை வைக்கப் போய், அடுத்த நொடி முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டு உருண்டான். பிறகு நேராக வீட்டுக்குள் ஓடிவந்து, சோபாவுக்கு அடியில் புகுந்து, அங்கிருந்து அம்மா படுக்கும் பாய்க்குப் போய்விட்டான். எல்லாம் நாங்கள் வாயைத் திறப்பதற்குள்.

அந்த நாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் கண்ணில் எரியும். அப்புறம் மூக்குக்குள் நெடி ஏறும். அதற்கும் அடியில் அழுகின வெங்காயம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அன்று ராத்திரியே குளிப்பாட்டினோம். டெட்டோல் சோப்பு, பிறகு என் ஷாம்பு, பிறகு எலுமிச்சை, கடைசியில் முகத்துக்குப் போடும் பவுடர். மறுநாள் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை காட்டினேன். பலன் என்னவென்றால், அழுகின வெங்காயத்துக்கு மல்லிகைப்பூ சூட்டியது மாதிரி ஆயிற்று. இரண்டு நாள் போனதும் எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போய்விட்டது என்று நம்பி அதிரசத்துக்கு மாவு இடிக்க உட்கார்ந்துவிட்டோம். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டிய மழையில் மணி நனைந்தான்.

விருந்தெல்லாம் முடிந்து அண்ணி ஊருக்குப் போன பிறகு போன் செய்தார். நல்லது கெட்டது பேசிவிட்டு, வைக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஃபேக்டரிய உன் சோபாவுக்கு அடியிலயா கட்டியிருக்காங்க?"

மூக்கு செய்கிற வேலை இது. ஒரே வாடை தொடர்ந்து அடித்தால் சில நிமிடங்களிலேயே அதைச் சொல்வதை நிறுத்திவிடும். புதிதாக வருவதைக் கண்டுபிடிக்கத்தான் மூக்கு இருக்கிறது, இருந்துகொண்டே இருப்பது அதற்குச் சேதி இல்லை. அதனால் நாற்றத்தோடு குடியிருப்பவர்கள் அது போய்விட்டதா என்று தீர்ப்புச் சொல்லவே கூடாது. பாசாருக்குப் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, வாசலில் நின்று இழுக்கிற முதல் மூச்சு ஒன்றைத்தான் நம்பலாம். இரண்டாவது மூச்சிலேயே மூக்கு சமாதானம் பேச ஆரம்பித்துவிடும்.

அது என்ன பிராணி என்று சொன்னவர் பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரப் பாக்சிக். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே முகத்தைச் சுளித்துவிட்டு, "தீக்குஸ் பூலான்" என்றார். இளவயதில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகும்போது, ஆளைப் பார்க்குமுன் வாடையைத்தான் பார்ப்பாராம். மலாயில் நிலா எலி என்று பெயர் இருந்தாலும் அது எலிச் சாதி இல்லை, முள்ளெலிக் குடும்பம். முள் மட்டும் கிடையாது. பகலில் பொந்தில் கிடந்து, இரவில் நீர்க்கரையோரம் மண்புழு, பூச்சி, நண்டு, தவளை என்று தேடித் தின்னும். வாலடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வரும் நாற்றத்தால் தன் எல்லையைக் குறித்துக்கொள்ளும். சிங்கப்பூர் ராஃபிள்ஸ்தான் 1820களில் இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர். அவர் இதைப் புனுகுப்பூனைகளின் வகையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூக்கை வைத்து முடிவு செய்திருப்பார் போலிருக்கிறது.

புனுகுப்பூனையின் சுரப்பும் கெட்டியாக இருக்கும்போது தாங்க முடியாது. துளியாகக் கரைத்தால் வாசனை, திருப்பதிப் பெருமாளுக்கே சாத்துகிறார்கள். அதற்கு மணம் தரும் பொருளின் கட்டமைப்பை லியோபோல்ட் ருஜிச்கா என்ற வேதியியலாளர் 1926இல் கண்டுபிடித்தார், பிறகு நோபல் பரிசும் வாங்கினார். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப மணிய கோயிலுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டு அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற பிராணியைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்தான். நம் நாட்டிலும் அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டாம், போர்னியோக் காட்டில் இருக்கும் தெலெடு. தீபகற்பத்தில் அது இல்லை. இருந்திருந்தால் மணி அதையும் விட்டுவைத்திருக்க மாட்டான். ஸ்கங்க் அடித்த நாய்க்கு அங்கே தக்காளிச் சாறு ஊற்றிக் குளிப்பாட்டும் பழக்கம் உண்டு என்றான். தீபாவளி முடிந்த கையோடு, தக்காளி விற்கிற விலையில், அதை நாய் மேல் ஊற்றச் சொல்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. நல்லவேளை, அது பலிக்காது என்றும் அவனே சொன்னான். ஸ்கங்க் நாற்றத்தில் சலித்துப்போன மூக்குக்குத் தக்காளி வாசம் புதிது, அதனால் அது மட்டும் தெரிகிறது. என் பவுடரும் சாம்பிராணியும் செய்தது அதே வேலைதான்.

பலிக்கிற மருந்தைச் சொன்னவர் பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1993இல் ஒரு வேதியியல் இதழில் வந்தது. ஸ்கங்க்கின் நாற்றம் பெரும்பாலும் தயோல் என்ற கந்தகச் சேர்மங்களால் ஆனது. அவற்றின் மேல் ஆக்சிஜனை ஏற்றிவிட்டால் வாடையில்லாத வேறு பொருளாக மாறிவிடும். மறைப்பது வேறு, மாற்றுவது வேறு. அதே சுரப்பில் இன்னொரு வகைச் சேர்மமும் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது அவ்வளவாக வீசாது, தண்ணீர் பட்டதும் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். அதனால்தான் அங்கே ஸ்கங்க் அடித்த நாய்கள் நனையும்போதெல்லாம் மறுபடி நாறுகின்றன. மகன் இதைச் சொன்னபோது எனக்குத் தீபாவளி மழைதான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் அம்மா சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எஸ்டேட்டில் பால் வெட்டி, பிறகு பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். விரல் ரேகைகளில் இன்னமும் கறுப்பு ஏறி இருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போகாது. மணியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து நன்றாக உறிஞ்சிப் பார்த்தார். நாங்கள் யாரும் அவ்வளவு கிட்டப் போனதில்லை.

"மேல அடிக்கிறது அமோனியாடி. இது தெரியாம சோப்பு சோப்பா போட்டுக்கிட்டு இருக்க."

பால் ஸ்டோரில் இரண்டு சாமான்கள் எப்போதும் இருக்கும். மரத்திலிருந்து வந்த பால் கெட்டுக் கட்டிப்போகாமல் இருக்க அமோனியா. அதைக் கட்ட வைக்கும் நேரத்தில் பார்மிக் ஆசிட். அமோனியா கூடிப்போன பால் அவ்வளவு சீக்கிரம் கட்டாது, அதிகமாக ஆசிட்டைக் கேட்கும். "ஒண்ண ஒண்ணு தின்னுடும்" என்றார் அம்மா. பள்ளிக்கூடத்தில் இதையே நான் காரம், அமிலம், உப்பு என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதை எடுத்து நாய் மேல் தடவலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அடுப்படியில சூக்கா இருக்கா?"

இருந்தது. ஒரு பங்கு சூக்காவுக்கு, அதாவது வினிகருக்கு, மூன்று பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, கண்ணிலும் வாயிலும் படாமல் அம்மாவே ஒற்றி ஒற்றித் துடைத்தார். புண்ணோ கீறலோ இருக்கிறதா என்று முதலில் முடியை விலக்கிப் பார்த்துக்கொண்டார், இருந்தால் சூக்கா எரியும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு நல்ல தண்ணீரில் அலசியதும் கண்ணில் எரியும் நெடி போய்விட்டது. கீழே இருந்த வெங்காயம் மட்டும் அசையாமல் இருந்தது.

வெங்காய வாடை என்றால் கந்தகமாகத்தான் இருக்கும் என்று மகன் வாதாடி, மறுநாள் கிரேபாம் மருந்தைக் கலந்தான். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட் ஏறக்குறைய ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு டீஸ்பூன். பார்மசியில் கேட்கும்போது கவனம் வேண்டும். 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அது 6 சதவீதம், 10 வால்யூம்தான் 3 சதவீதம். தலைமுடிச் சாயத்தோடு வருவது இன்னும் காரமானது, தோலைப் பொசுக்கிவிடும். உடம்பைத் தண்ணீரில் நனைக்காமல் நேராகத் தடவி, 5 நிமிடம் விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி மூடி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் பெருகிப் போத்தல் வெடிக்கும், அதனால் அப்போதே கொட்டிவிட வேண்டும். சூக்காவையும் பெராக்சைடையும் ஒரே வாளியில் கலக்கவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் அரிக்கும் வேறொரு அமிலமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டது அதனால்தான்.

வெங்காயம் போயிற்று. மணியின் கழுத்துக்குக் கீழே கையகலத்துக்கு முடி செம்பு நிறமாகிவிட்டது, அங்கே மகன் மருந்தை ஊற்றிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

நாய் சுத்தமாகியும் வீடு நாறியது. இந்த இடத்தில்தான் பலபேர் நாயை மறுபடி மறுபடி குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு சாமானாக மூக்கருகே கொண்டுபோனோம். கழுத்துப்பட்டை முதல் குற்றவாளி, நைலான் இழைக்குள் ஏறியிருந்தது, தூக்கிப் போட்டோம். அவன் படுக்கும் கோணிச் சாக்கு, வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பு, டார்ச் லைட்டின் கைப்பிடிகூட. சோபா உறையைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். வண்ணம் பூசாத சிமெண்டுத் தரை வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும், மேலாகத் துடைத்தால் போகாது. அதன்மேல் சோடாவைக் குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க விட்டோம். வீட்டுக்காரர் தரைக்குக் குளோரோக்ஸ் பிளீச் ஊற்றப் போனார். அம்மா ஓடிப்போய்ப் போத்தலைப் பிடுங்கினார். அமோனியா உள்ள இடத்தில் அதை ஊற்றினால் விஷப்புகை கிளம்பும், மூச்சை அடைத்துவிடும். பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெட்டோல் நாய்க்கே நல்லதல்ல, பூனைக்கு அது விஷம், உடம்பை நக்கினால் போதும்.

அம்மாவின் பாயை எறிந்துவிடலாம் என்றேன், விடவில்லை. கழுவிக் கொல்லையில் வெயிலில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். அப்படி ஒரு நாள் வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு உங்க அண்ணிகிட்ட என்னாடி சொன்ன, கித்தா நாத்தம்னா?"

நான் சொன்ன பொய் அவர் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. நான் பேசும்போது அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. மங்கில் விட்டுக் கட்டிப்போன பாலில் பாக்டீரியா புகுந்து புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும்போது பியூட்ரிக், வலேரிக் போன்ற அமிலங்கள் உண்டாகும். கெட்டுப்போன வெண்ணெயிலும் வேர்த்த காலுறையிலும் இருக்கும் அதே வாடை. அது துணியில் ஏறும், கூந்தலில் ஏறும், சாப்பாட்டுத் தூக்கில்கூட ஏறும். டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எஸ்டேட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்த பக்கம் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அம்மா எனக்குக் காசு கொடுக்க வந்தால் வாசலுக்கு வராமல் எதிர்க்கடை ஓரமாக நிற்பார். அப்படி நிற்கும்படி கேட்டுக்கொண்டது நான்தான். 1974இல் கித்தா விலை விழுந்து பாலிங்கில் ஜனங்கள் பசியோடு தெருவில் இறங்கினார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் பானை பல ராத்திரி காலியாகக் கிடந்தது என்று அம்மா சொல்வார். வாடை அடித்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இத்தனையும் தெரிந்தும், வெட்கம் வந்த ஒரு சமயத்தில் கைக்கு எட்டிய முதல் பழி அதுவாகத்தான் இருந்தது.

அம்மா திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய மனத்தாங்கல் வேறு.

"கட்டிப்பாலு நாத்தம் புளிச்சு அடிக்கும். அதுக்கு சோடாதான் கேக்கும், சூக்கா ஊத்தினா இன்னும் கெடும். இது வேற. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாம, அதுவும் பாலுக்காட்டுல பொறந்துட்டு..." என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதை ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

நாற்றத்தில் மூழ்கி நாங்கள் விட்டுவிட்ட ஒன்றைக் கால்நடை மருத்துவர் பிடித்தார். மணியின் உதட்டுக்குள் சின்னக் கடிக்காயம் இருந்தது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநோய் பரவியதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். காட்டுப் பிராணியோடு சண்டை போட்டு வந்த நாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது காயம், அப்புறம்தான் வாடை. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் போனோம். குளிப்பாட்டுகிறவர் கையில் கீறல் இருந்தால் உறை போட்டுக்கொள்ளச் சொன்னார், பிராணிகளின் மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் இந்தப் பக்கம் புதிதல்ல.

இப்போது இருட்டியதும் மணிக்குச் சங்கிலி. அது அவனுக்காக மட்டுமல்ல, ஓடைக்கரையில் மண்புழு பொறுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பிராணி எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் தைப்பூசம் கழிந்து ஒரு ராத்திரி சங்கிலியை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். திரும்பி வரும் வாடை ஆளுக்கு முன்னால் வந்தது. நான் சூக்காப் போத்தலை எடுக்க அடுப்படிக்கு ஓட, வீட்டுக்காரர் டார்ச் லைட்டைத் தேட, உள்ளேயிருந்து அம்மா கத்தினார்:

"எல்லாம் அப்பறம்டி! மொதல்ல கதவச் சாத்து!"